பெரியக்காவும் கனிவு வகுப்பும்

எங்கள் மருத்துவமனையில் ஒரே வருடத்தில் நான்கு நர்சுகள் வேலையை விட்டுப் போனார்கள். நிர்வாகம் கூடிப் பேசி ஒரு முடிவெடுத்தது. புதிதாக நான்கு பேரை எடுத்திருப்பார்கள் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு எங்கள் நிர்வாகத்தைத் தெரியாது. மிச்சமிருந்த எங்களுக்கு ஆன்லைன் வகுப்பு வைத்தார்கள். ‘தன்னிடம் கனிவு: மருத்துவப் பணியாளர்களுக்கான பயிற்சி’ என்று பெயர். புதன்கிழமைதோறும் காலை ஷிப்டு முடிந்ததும், வீட்டுக்குப் போக வேண்டிய நேரத்தில், ஒரு மணி நேரம். வராதவர்கள் மேட்ரனிடம் காரணம் சொல்ல வேண்டும். கனிவைக்கூட மெமோ போட்டுத்தான் எங்களுக்குக் கொடுத்தார்கள்.

“இனிமே நம்ம முதுகை நாமே தட்டிக்கணும்டி. தட்டிக் குடுக்க அவங்களுக்கு ஆள் பத்தல” என்றேன் நான். வார்டில் என் பெயர் வாயாடி. பெற்றவர்கள் வைத்த பெயரை அங்கே யாரும் கூப்பிட்டதில்லை.

பெரியக்கா சிரிக்கவில்லை. அவள் சிரிப்பதை நிறுத்திச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

பெரியக்கா என்று சொல்கிறேனே தவிர ஆள் குள்ளம். டிரிப் பாட்டில் மாட்டுவதற்கு ஸ்டூல் போட்டு ஏறுவாள். என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவள். ஆனால் அறுவை சிகிச்சை வார்டில் அவளுக்கு முன்னால் வந்தவர்கள் யாரும் மிஞ்சவில்லை. அதனால் டாக்டர்கள்கூட அவளைப் பெரியக்கா என்றார்கள். ஒரு ஜூனியர் ரத்த மாதிரியைத் தவறான ஆளின் பெயரில் அனுப்பிவிட்டுக் கழிவறையில் நின்று அழுதபோது, கதவைத் தட்டி, “முகத்தைக் கழுவிட்டு வாம்மா. லேப்ல நான் பேசிட்டேன். இன்னொரு தடவை எடுத்தா முடிஞ்சுது” என்றாள். அந்தப் பெண்ணை அப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவ்வளவு இதமான வாய், தன் விஷயத்தில் வேறு மாதிரி. மருந்து அறையில் தனியாக இருக்கும்போது தன்னைத்தானே திட்டிக்கொள்வாள். “கண்ணு எங்கடி வச்சிருக்கே? தடிமாடு. இதுகூடத் தெரியல, நீயெல்லாம் எதுக்கு யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வர்றே?” புதிதாக வந்த டாக்டர் ஒருவர் வெளியே நின்று இதைக் கேட்டுவிட்டு, உள்ளே யாரோ ஒரு ஜூனியரை வதைக்கிறார்கள் என்று மேட்ரனிடம் போய்ச் சொல்லிவிட்டார். மேட்ரன் அரக்கப்பரக்க ஓடி வந்து கதவைத் திறந்தால், உள்ளே பெரியக்கா மட்டும்தான், ஊசிக் குப்பிகளை அடுக்கிக்கொண்டு. பல நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவளும் எங்களோடு சேர்ந்து சிரித்த காலம் அது.

பிறகு ஒன்பதாம் படுக்கையில் ஒரு லாரி மெக்கானிக் வந்து சேர்ந்தார்.

வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது. சத்தம் போடாத மனிதர். எதற்குக் கூப்பிட்டாலும், “அவசரமில்ல சிஸ்டர், நேரம் கிடைக்கும்போது வாங்க” என்பார். அன்று வார்டில் முப்பத்திரண்டு பேருக்கு நாங்கள் இரண்டே நர்சுகள். வயிறு உப்பினாற்போல் இருக்கிறது என்று அவர் பெரியக்காவிடம் சொன்னார். “இதோ வந்துடுறேங்க” என்று சொல்லிவிட்டு அவள் திரும்பினாள். எதிர்ப் படுக்கையில் ஓர் இளைஞன், மயக்கம் தெளியும் வெறியில் தன் குழாய்களையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டான். தரையெல்லாம் ரத்தம். அவன் வீட்டார் போட்ட கூச்சலில் வார்டே நடுங்கியது. நாங்கள் இருவரும் அவனோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். அவனை அடக்கி, ஊசி ஏற்றி, தரையைத் துடைக்கச் சொல்லிவிட்டு அவள் ஒன்பதாம் படுக்கைக்குப் போனபோது மெக்கானிக்கின் முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசிந்து நிறைந்துவிட்டது. ஆபரேஷன் தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்து அவர் திரும்பி வரவில்லை.

விசாரணை நடந்தது. பெரியக்கா மீது தவறில்லை என்று முடிவானது. கணவரின் செருப்பையும் கண்ணாடியையும் வாங்கிப் போக வந்த மெக்கானிக்கின் மனைவி, போகிறவள் போகாமல் பெரியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களைப் பத்தி எங்கிட்ட நல்லபடியாத்தாங்க சொல்லுவாரு” என்றாள். திட்டியிருந்தால் தேவலை. நாலு பேர் பார்க்க அறைந்திருந்தால்கூட அக்கா மீண்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றும். அந்த நல்ல வார்த்தைதான் அவளைக் கொன்றுபோட்டது.

அதற்கப்புறம் அவள் டியூட்டியில் உட்காரவே இல்லை. சாப்பாட்டு டப்பாவை மருந்து வண்டியின் மேல் வைத்து நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். யாருக்கு லீவு வேண்டுமென்றாலும் அவர்களுடைய ஷிப்டைத் தான் வாங்கிக்கொண்டாள். மருந்து அறையிலிருந்து வரும் திட்டும் மாறிவிட்டது. பழைய தடிமாடு போய், இப்போது ஒரே ஒரு வார்த்தை: “கொலைகாரி.” அதைக் கேட்ட பிறகு அந்தக் கதவுப் பக்கம் போக எங்களுக்குக் கால் வரவில்லை. மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று நோட்டீஸ் போர்டைப் பார்ப்பாள். கிழிந்து தொங்கும் போன வருடத்து நோட்டீசை ஒருத்தி தினமும் படிப்பானேன் என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

இந்த நிலையில்தான் கனிவு வகுப்பு வந்தது.

வெள்ளைத்துணி அறையில், மடித்து அடுக்கிய போர்வைகளின் மேல் என் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, நாங்கள் மூன்று பேர் முன்னால் உட்கார்ந்தோம். பெரியக்கா மட்டும் அலமாரியில் சாய்ந்து நின்றாள். திரையில் ஓர் அம்மா வந்தார். மயிலிறகால் தடவுகிற குரல். பின்னால் தொட்டியில் ஒரு பச்சைச் செடி, இலையில் ஒரு தூசி இல்லை. அந்தச் செடியைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கனிவம்மா என்று அந்த நிமிடமே பெயர் வைத்துவிட்டேன்.

“கண்ணை மூடிக்கோங்க” என்றார் கனிவம்மா. எங்களில் ஒருத்தியாலும் மூட முடியவில்லை. கண்ணை மூடினால் ஒன்று தூங்கிவிடுவோம், இல்லையென்றால் வெளியே எந்த இயந்திரம் கத்துகிறது என்று காது தேடும். “சரி, திறந்தே வச்சுக்கோங்க. ஒரு கையால இன்னொரு கையை மெதுவாப் பிடிச்சுக்கோங்க. ஒரு குழந்தையோட கையைப் பிடிக்கிற மாதிரி.”

பிடித்தோம். குனிந்து பார்த்தால் எங்கள் மூன்று பேரின் விரல்களும் மணிக்கட்டில் நாடியின் மேல் உட்கார்ந்திருந்தன. கண்கள் சுவர்க் கடிகாரத்துக்குப் போயிருந்தன. கனிவோடு பிடி என்றால் எங்களுக்குப் பல்ஸ் பார்க்கத்தான் தெரிகிறது. முதலில் நான்தான் சிரித்தேன். மற்ற இருவரும் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

பெரியக்காவின் விரலும் நாடியில்தான் இருந்தது. ஆனால் அவள் எடுக்கவில்லை. பல்ஸ் சீராக இருந்தால் நாங்கள் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கிவிடுவோம். சீரில்லை என்றால்தான் முழு நிமிடமும் எண்ணுவோம். அவள் முழு நிமிடமும் எண்ணினாள். முடித்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தாள்.

“என்னக்கா?” என்றேன்.

“கடிகாரம் ஓடுதான்னு பாத்தேன். பேசாம வகுப்பைக் கவனி.”

கனிவம்மா அடுத்ததற்குப் போய்விட்டார். வேலையில் ஒரு தவறு நடந்துவிட்டது என்று தவிக்கும் தோழிக்கு நாம் என்ன சொல்வோம் என்று கேட்டார். “பின்னால நிக்கிறீங்களே, நீங்க சொல்லுங்க” என்றார்.

“முதல்ல சாப்பிட வைப்பேன்” என்றாள் பெரியக்கா. “அப்புறம் உன் கை ரெண்டுதானேம்மா இருக்குன்னு சொல்வேன். ரெண்டு கையால எத்தனை பேரைப் பிடிக்க முடியும்னு கேப்பேன். வீட்டுக்கு அனுப்பிட்டு அவ ஷிப்டை நான் பாப்பேன்.”

“ரொம்ப அழகாச் சொன்னீங்க. இதையே உங்களுக்கு நீங்க சொல்லிக்க முடியுமா?”

“முடியாதுங்க.”

“ஏன்?”

“நான் எனக்குத் தோழி இல்லையே, மேடம்.”

கனிவம்மாவின் மயிலிறகு நின்றுபோனது. அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பெரியக்கா, பெல் அடிக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். எந்தப் பெல்லும் அடிக்கவில்லை.

துரத்திப் போய் மருந்து அறையில் மடக்கினேன். கேட்காமலே கையைப் பிடித்து நாடி பார்த்தேன். என் விரலுக்கடியில் அது தட்டியது, நின்றது, மூன்று தட்டு ஒன்றாக ஓடியது, மறுபடி நின்றது. அறையில் நெரிசலாக அடைபட்ட ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. இப்படி ஓடும் இதயத்தில் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்தது மூளைக்குப் போகும். எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“எவ்வளவு நாளா?”

“இருக்கு, சில மாசமா.”

“பைத்தியமாக்கா நீ? மாத்திரை போட்டா சரியாகுற விஷயம் இது.”

“கத்தாதே.” அவள் குரல் சாதாரணமாக இருந்தது; அதுதான் என்னைப் பயமுறுத்தியது. “அந்த மெக்கானிக் சம்சாரம் தனியாக் கெடக்கிறா. நான் மட்டும் மாத்திரை போட்டுக்கிட்டு நல்லா இருக்கணுமா? வரட்டும்டி. எனக்கு வர வேண்டியது வருது. வெளியில சொன்னே, வாயைத் தைச்சிடுவேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டில் வேன் ஓட்டும் கணவர் இருக்கிறார், படித்துக்கொண்டிருக்கும் மகள் இருக்கிறாள். இவள் இங்கே தனக்குத்தானே தீர்ப்பு எழுதி, தண்டனையும் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறாள். கெஞ்சினேன், திட்டினேன். கடைசியில் வெட்கத்தை விட்டுக் கனிவம்மா மாதிரியே, “உன்னை நீ ஒரு தோழியா நினைச்சுப் பாருக்கா” என்றுகூடச் சொன்னேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு டிரிப் மாட்டப் போய்விட்டாள்.

இரவெல்லாம் புரண்டு புரண்டு ஒரு வழி யோசித்தேன். ஷிப்டு மாறும்போது நாங்கள் ‘ஓவர்’ கொடுப்போம். போகிறவள் ஒவ்வொரு நோயாளியின் நிலைமையையும் சொல்லுவாள், வருகிறவள் குறித்துக்கொள்வாள். ஓவர் வாங்கும்போது பெரியக்காவுக்கு உலகமே கிடையாது. அதில் ஒரு குறை தெரிந்தால் யாரென்று பார்க்க மாட்டாள், கிழித்துவிடுவாள். மறுநாள் காலை ஷிப்டு எனக்கு. அடுத்த ஷிப்டு, யாருக்குப் பதிலாகவோ, அவளுக்கு.

முப்பத்திரண்டாம் படுக்கைவரை சொல்லி முடித்தேன். குரலை மாற்றாமல் தொடர்ந்தேன். “இன்னொரு கேஸ் இருக்குக்கா. பெண், வயசு அம்பதைத் தாண்டியாச்சு. பல்ஸ் தாறுமாறு, நூத்தி முப்பதுக்கு மேல ஓடுது. படி ஏறினா மூச்சு வாங்குது. கால் வீக்கம் இருக்கு. மாசக்கணக்கா இப்படித்தான். மருந்து ஒன்னும் ஆரம்பிக்கல.”

“ஈசிஜி?” தலை நிமிராமல் எழுதிக்கொண்டே கேட்டாள்.

“எடுக்கல.”

“எடுக்காம என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க? டாக்டருக்குச் சொன்னீங்களா?”

“சொல்லல.”

“எந்த பெட்?”

“பெட் குடுக்கல. நடமாடிக்கிட்டு இருக்காங்க.”

“நடமாட விட்டிருக்கீங்களா? அறிவிருக்கா உங்களுக்கு? உறைஞ்ச ரத்தம் தலைக்குப் போனா அந்தப் பொம்பளை வீட்டுக்கு யாருடி பதில் சொல்றது? முதல்ல அவளைப் படுக்க வை...”

பேனா நின்றது. அவள் எழுதியதை அவளே ஒருமுறை படித்தாள். பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினாள்.

“நீ நல்லா இருப்பேடி, வாயாடி” என்றாள். வாழ்த்து இல்லை அது. ஆனால் அன்று அவள் படுத்தாள்.

எங்கள் வார்டிலேயே, நர்சுகள் உட்காரும் மேஜைக்கு நேர் எதிர்ப் படுக்கையில் சேர்த்தோம். விரிப்பைத் தானே போட்டுக்கொண்டாள். “ஒரு பெட்டை அடைச்சிட்டேனே” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டாள். டாக்டர் ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஆரம்பித்தார். ஏற்கெனவே உறைந்திருந்தால் அதை இது உடனே கரைக்காது என்றார். இவ்வளவு நாள் விட்டதற்கு நன்றாகத் திட்டினார். அந்தத் திட்டு மட்டும் அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் இல்லாததால் எங்களுக்கு இன்னும் ஓர் ஆள் குறைந்தது. நிர்வாகம் மாற்று ஆள் அனுப்பவில்லை.

சேர்த்த மூன்றாம் நாள். பார்வையாளர் நேரம். தியேட்டரிலிருந்து அடுத்தடுத்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பெரியவர் கழிவறை வாசலில் வழுக்கி விழுந்தார். என்னோடு இருந்தவள் அவரை எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். எல்லாம் ஓரளவு அடங்கியபோது எனக்குக் கால் இரண்டும் கழன்று விழும்போல் இருந்தது. காலையிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை. மேஜையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். எதிர்ப் படுக்கையிலிருந்து பெரியக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பாவைத் தூக்கிக் காட்டினேன். வலது கையை லேசாக அசைத்தாள், சாப்பிடு என்று.

பார்வையாளர்களின் சந்தடிக்கு நடுவே குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஆறுதலாக நாலு வார்த்தை பேசலாம் என்று அவளிடம் போனேன்.

வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. இடது கை படுக்கைக்கு வெளியே தொங்கியது. தரையில் டம்ளர் கிடந்தது, தண்ணீர் பாதி காய்ந்திருந்தது. பெல் தலையணைக்குப் பக்கத்தில், வலது கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது.

“ஏன்க்கா பெல் அடிக்கல? ஏன் அடிக்கல?” அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன், நோயாளியை அப்படி உலுக்கக் கூடாது.

வார்த்தை குழறியது. ஆனால் புரிந்தது. “நீ இப்பத்தானே... உக்காந்தே.”

சீக்கிரம் பார்த்திருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் மூளை டாக்டர். இருக்கலாம் என்றுதான் சொன்னார். நிச்சயமாக என்று சொல்லவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் இன்றுவரை குடியிருக்கிறேன்.

அடுத்த புதன்கிழமை வகுப்பில் நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். கனிவு வேண்டுமென்றால் எங்களுக்கு இன்னும் நாலு ஜோடிக் கைகளை அனுப்புங்கள் என்று கத்தினேன். கனிவம்மா குறுக்கே பேசவில்லை. கடைசியில், தானும் நர்சாக இருந்தவர்தான், தாங்க முடியாமல் விட்டுவிட்டு வந்தவர் என்றார். அந்தச் செடியை அதற்கப்புறம் என்னால் வெறுக்க முடியவில்லை. “அன்னைக்கு நீங்க சாப்பிட்டது தப்பில்ல” என்றார். தெரியும் என்றேன். தெரியும்தான், தெரிந்து என்ன?

பெரியக்கா இனி வேலைக்கு வர மாட்டாள். கைத்தடி வைத்து அறைக்குள் நடக்கிறாள். கணவர் வேனை எடுப்பதற்கு முன் குளிப்பாட்டிவிடுகிறார். மகள் வந்து தலை வாரிவிடுகிறாள். இரண்டு பேரிடமும் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். “அம்மாவோட இந்த சாரியைத்தான் என்னால தாங்க முடியல” என்று மகள் என்னிடம் வாசலில் வைத்துச் சொன்னாள்.

போன வாரம் என் விடுமுறை நாளில் போயிருந்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. வார்டுக் கதையெல்லாம் கேட்டாள். யார் ஓவரில் எதை விட்டார்கள் என்று சொன்னபோது பழைய கோபம்கூட வந்தது. பேச்சு ஓய்ந்ததும், இத்தனை நாள் கேட்கப் பயந்ததைக் கேட்டேன். “அந்த நேரத்துல என்னக்கா நினைச்சே?”

விழுந்து கிடந்த இடது கையை வலது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பேச்சு இன்னமும் கொஞ்சம் இழுக்கிறது.

“டம்ளர் நழுவினதுமே தெரிஞ்சு போச்சு. இத்தனை வருஷமாப் பாக்குறதுதானே. பெல் பக்கத்துலதான் இருந்துச்சு. நீ அப்பத்தான் ஒரு வாய் வச்சிருந்தே. சாப்பிட்டு முடிக்கட்டும்னு இருந்தேன்.”

“அடிச்சிருக்கலாம்லக்கா.”

“அடிச்சிருக்கணும்.” மடியிலிருந்து நழுவிய இடது கையை இழுத்துச் சரியாக வைத்தாள். “அப்புறம் வாய் இழுக்க ஆரம்பிச்சுச்சு. கூப்பிடணும்னு பாத்தா குரல் வரல. பெல்லு எங்க இருக்குன்னு தெரியுது, என்ன பண்ணணும்னு மறந்து போச்சு. ரொம்பப் பயமா இருந்துச்சுடி.”

அவள் பயந்தேன் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“பாவம்ல நான்” என்றாள்.

“ஆமாக்கா. ரொம்பப் பாவம்.”

அழ ஆரம்பித்தாள். அவளுக்கு இப்போது அழுதால் வாயோரம் எச்சில் வழிகிறது. என் துப்பட்டாவால் துடைத்துவிட்டேன். என் கையைத் தட்டிவிடவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. துடைக்க வசதியாக முகத்தைத் தூக்கிக் காட்டினாள்.